ரெட்ரோ எமுலேட்டர் ஸ்கிரீன்ஷாட்ல கலர் தப்பா வருதா? அறிகுறி வாரியா பாத்து சரி பண்ணலாம் வாங்க

எமுலேட்டர்ல (பழைய கன்சோல் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள்) ஆடி ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு பாக்குறீங்க, கலர் ஏதோ இடிக்குது. உடனே பிரைட்னஸ், காமா, சேச்சுரேஷன்னு எதையாவது இழுத்து விட தோணும், தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. கேம்ல இருந்து உங்க கண்ணுக்கு வர்ற வழியில நாலஞ்சு எடம் இருக்கு, அதுல எதாவது ஒரு எடத்துலதான் கலர் மாறியிருக்கும், அது எந்த எடம்னு தெரியாம கடைசில வந்து ஸ்லைடர நகத்துனா ஒரு தப்பு மேல இன்னொரு தப்பு ஏறி உக்காந்துக்கும், அப்புறம் பிரிச்சே எடுக்க முடியாது.

வழி இதுதான்: கேம் போடுற கலர் நம்பர், எமுலேட்டர் கோர் (அந்த கன்சோல் மாதிரியே வேலை செய்யுற உள் பகுதி) அத 8 பிட் ஆர்ஜிபியா (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்) மாத்துறது, அதுக்கு மேல ஷேடர் (படத்துக்கு ஒரு லுக் ஏத்துற சின்ன புரோகிராம்), ஃபில்டர், ஸ்கேலிங் (படத்த பெருசாக்குறது), அப்புறம் ஃபைலா சேவ் ஆகுறது, கடைசில நீங்க பாக்குற வியூவர், ஸ்கிரீன். எந்த அறிகுறி எந்த எடத்த காட்டிக் குடுக்குதுன்னு தெரிஞ்சா வேலை சட்டுன்னு முடியும்.

அதுக்கு கண்ண நம்பாம நம்பர நம்பணும். ஜிம்ப் மாதிரி பட எடிட்டர் ஏதாவது ஒண்ணுல படத்த தொறந்து கலர் பிக்கர 1 பிக்சல் அளவுக்கு வச்சுக்கோங்க (சராசரி எடுக்குற ஆப்ஷன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அது பக்கத்து பிக்சலையும் சேத்து கலக்கி வேற நம்பர் சொல்லும்). படத்துல இருக்குறதுலயே வெள்ளையான எடம், கருப்பான எடம், நடுவுல ஒரு சாம்பல், மூணையும் குறிச்சு வைங்க. அப்புறம் அதே ஜிம்ப்ல கலர்ஸ் மெனுவுக்குள்ள இன்ஃபோ, அதுல கலர்கியூப் அனாலிசிஸ் போனா படத்துல மொத்தம் எத்தன தனித்தனி கலர் இருக்குன்னு காட்டும். இந்த எண்ணிக்கைய நெறைய பேர் பாக்குறதே இல்ல, ஆனா பாதி கேஸ் இதுலயே தெளிவாயிடும்.

■ ஆடும்போது ஒரு கலர், ஃபைல்ல வேற கலர்

முதல்ல சுலபமானது. ஆடும்போது எல்லாமே மஞ்சளா இருந்துச்சு, ஃபைல வேற மெஷின்ல பாத்தா மஞ்சள் இல்லன்னா அது நைட் லைட் (ராத்திரிக்கு ஸ்கிரீன மஞ்சளாக்குற வசதி). அது டிஸ்ப்ளேக்கு போற கடைசி கட்டத்துல ஒக்காந்திருக்கும், ஸ்கிரீன்ஷாட்டுக்குள்ள வராது. கிராபிக்ஸ் டிரைவர்ல கலர பளிச்சுன்னு ஆக்குற வைப்ரன்ஸ் ஸ்லைடரும் அப்டித்தான். அதனால உங்க ஃபைல் சரியாத்தான் இருக்கு, நீங்க ஆடும்போது பாத்ததுதான் மாறுனது.

ஷேடர் போட்டு ஆடுறவங்களுக்கு வர்ற கேஸ் வேற. ரெட்ரோஆர்க்ல (பல கன்சோலோட கோர ஒரே எடத்துல ஓட்டுற மென்பொருள்) வீடியோ செட்டிங்ஸ் பக்கம் ஜிபியூ ஸ்கிரீன்ஷாட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அது ஆன்ல இருந்தா ஷேடர், ஸ்கேலிங் எல்லாம் சேந்து நீங்க திரையில பாத்தது அப்டியே சேவ் ஆகும், ஆஃப்ல இருந்தா கோர் குடுத்த ஃபிரேம் மட்டும் அதோட சொந்த சைஸ்ல சேவ் ஆகும். சிஆர்டி ஷேடர் (பழைய குழாய் டிவி மாதிரி காட்டுறது) போட்டு ஆடிட்டு ஸ்கிரீன்ஷாட்ல 256க்கு 224னு குட்டிப் படமா வந்து ஸ்கேன்லைன் (அந்த டிவில தெரியுற படுக்கைக் கோடு) ஒண்ணுமே இல்லையேன்னு திகைச்சா காரணம் இதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கோர் ஆப்ஷன்ல இருக்குற கலர் கரெக்ஷன் (பழைய ஸ்கிரீன்ல தெரிஞ்ச மாதிரி கலர மாத்துறது) கோருக்குள்ளயே நடக்குது, அதனால அது ரெண்டு விதத்துலயும் ஃபைல்ல ஏறிடும், ஷேடரா போட்ட கரெக்ஷன் ஜிபியூ ஸ்கிரீன்ஷாட்ல மட்டும்தான் ஏறும். ரெண்டுலயும் ஒரே கரெக்ஷன ஆன் பண்ணி வச்சிருந்தா ரெண்டு தடவ ஏறி கலர் செத்துப் போயி வெளிறிக் கெடக்கும், இத நான் அடிக்கடி பாத்துருக்கேன்.

என்னோட கருத்து கேட்டீங்கன்னா, எப்பவும் ரெண்டு படம் எடுங்க. ஒண்ணு கரெக்ஷன் எதுவும் இல்லாத கச்சா ஃபிரேம், இன்னொண்ணு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஷேடரோட. கச்சா ஃபிரேம்ல இருந்து எந்த லுக்கையும் பின்னாடி செஞ்சுக்கலாம், ஷேடர் ஏறுன படத்துல இருந்து கச்சாவ திருப்பி எடுக்க முடியாது.

■ வெள்ளை வெள்ளையா இல்ல, 248னு காட்டுது

நிண்டெண்டோவோட சூப்பர் நெஸ், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் மூணு மெஷினுமே ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணும் ஒரு சேனல்) 5 பிட், அதாவது 0ல இருந்து 31 வரைக்கும் 32 படி, மொத்தம் 32768 கலர். நம்ம ஃபைல் 8 பிட், 0 முதல் 255. இந்த 31அ 255ஆ மாத்தணும்ல, அந்த கணக்குல சோம்பேறித்தனம் பண்ணி வெறும் 8ஆல பெருக்கிட்டா 31 போயி 248ல நிக்கும். வெள்ளை 248, 248, 248. தனியா பாத்தா தெரியாது, பக்கத்துல வெள்ளைப் பேப்பர் கலர்ல பேஜ் இருந்தா படம் அழுக்கா தெரியும்.

ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல வச்சு முடிவு பண்ணாதீங்க, கேம் போட்டவரே 31 போடாம 30 போட்டுருக்கலாம். பத்து பன்னெண்டு எடத்துல தொட்டுப் பாருங்க, எல்லா நம்பரும் 8ஓட மடங்கா இருந்தா (8, 64, 128, 248 இப்டி) சந்தேகமே இல்ல. சரியான முறை என்னன்னா 8ஆல பெருக்கி அதோட மூல நம்பர 4ஆல வகுத்த ஈவையும் கூட்டணும், அப்போ 31 சரியா 255 ஆகும், 16 வந்து 132 ஆகும். நல்ல சேதி, இது இழப்பே இல்லாத தப்பு. ஏற்கனவே எடுத்த படத்துல ஒவ்வொரு நம்பரோடயும் அத 32ஆல வகுத்த ஈவக் கூட்டிட்டா போதும், 248ஓட 7 சேந்து 255, 128ஓட 4 சேந்து 132. நான் பழைய எமுலேட்டர் ஒண்ணுல பல நாள் உக்காந்து எடுத்த ஒரு ஃபோல்டர் முழுக்க இப்டி 248ல நின்னுச்சு, திரும்ப ஆடாம சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு போட்டே மொத்தத்தையும் மீட்டுட்டேன். ஆனா ஜேபெக்கா சேவ் பண்ணிருந்தா இந்த வேலை நடந்திருக்காது.

இதே குடும்பத்துல இன்னொண்ணு: வெள்ளை 255, 251, 255னு வருது, சாம்பல் எல்லாம் ரொம்ப லேசா பிங்க் அடிக்குது. சில கோர் படத்த 565 ஃபார்மட்ல குடுக்கும், அதுல சிவப்புக்கும் நீலத்துக்கும் 5 பிட், பச்சைக்கு மட்டும் 6 பிட். 5 பிட் பச்சைய 6 பிட்டா மாத்தும்போது வெறுமனே ரெண்டால பெருக்கி விட்டா 31 போயி 62ல நிக்கும், 63 ஆகாது, அது 8 பிட்ல 251. பச்சை ஒரு நூல் கம்மின்னா அதுக்கு எதிர்க் கலர் தலையத் தூக்கும், அதான் பிங்க். கோர் ஆப்ஷன்ல கலர் டெப்த் இருந்தா 32 பிட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா வேற கோர் எடுங்க.

அப்புறம் சூப்பர் நெஸ்ல ஸ்கிரீன் பிரைட்னஸ்னு ஹார்டுவேர்லயே 0 முதல் 15 வரை ஒரு லெவல் இருக்கு, ஃபேட் இன் ஆகும்போது கேம் அதத்தான் ஏத்தும். ஃபேட் முடியுறதுக்கு ஒரு ஃபிரேம் முன்னாடி நீங்க கிளிக் பண்ணிட்டா படம் மொத்தமும் ஒரு இழை மங்கலா வரும், கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. ரெண்டு செகண்ட் கழிச்சு இன்னொண்ணு எடுத்து ஒப்பிட்டுக்கோங்க.

■ நெஸ் கேம்ல வானம் ஒரு படத்துல நீலம், இன்னொரு படத்துல ஊதா

இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்து சொல்லணும், ஏன்னா இங்கதான் ரொம்ப பேர் தப்பே இல்லாத எடத்துல தப்ப தேடிட்டு இருக்காங்க.

இங்க பாக்குற மத்த கலர் கன்சோல் எல்லாம் உள்ளுக்குள்ள சிவப்பு பச்சை நீலம்னு நம்பர் வச்சிருக்கும். நெஸ்ல (சூப்பர் நெஸ்ஸுக்கு முந்துன நிண்டெண்டோ கன்சோல்) அது கெடையாது. அதோட பிபியூ (படம் வரையுற சிப்பு), 2சி02னு பேரு, நேரடியா கம்போசிட் சிக்னலத்தான் (படம் மொத்தமும் ஒரே கம்பில போற டிவி சிக்னல்) வெளிய தள்ளும். கேம் குடுக்குறது 64 கோடு, ஒவ்வொண்ணும் எந்த நிறச்சாயல், எவ்வளவு வெளிச்சம்னு மட்டும்தான் சொல்லுது. அத ஆர்ஜிபியா மாத்துறது டிவியோட வேலை. டிவிக்கு டிவி டீகோடர் வேற, நிறச்சாயல மாத்துற டிண்ட் குமிழ யாரு எந்தப் பக்கம் திருப்பி வச்சிருந்தாங்களோ அது வேற, ஜப்பான் டிவியோட வெள்ளையே நீலச் சாயல் தூக்கலா இருக்கும். அதனால நெஸ்ஸுக்கு "ஒரிஜினல் ஆர்ஜிபி நம்பர்"னு ஒண்ணு எங்கயுமே எழுதி வைக்கப்படல. எமுலேட்டர் கூட வர்ற பேலட் (எந்தக் கோடுக்கு என்ன கலர்னு சொல்ற பட்டியல்) ஒவ்வொண்ணும் ஒருத்தர் ஒரு டிவிய, இல்ல ஒரு கணக்க வச்சு எடுத்த முடிவு. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொதல் லெவல் வானம் ஹெக்ஸ் 22ங்கிற கோடு, சில பேலட்ல அது தெளிவான நீலம், சிலதுல லாவெண்டர். ரெண்டுமே நியாயமான பதில்தான்.

அப்போ இங்க சரி பண்றதுன்னா என்ன? ஒரு பேலட்ட தேர்ந்தெடுத்து எல்லாப் படத்துக்கும் அதையே வைங்க, ஃபைல் பேர்லயே அந்த பேலட் பேர சேத்துடுங்க. பாதி படம் ஒரு எமுலேட்டர்லயும் மீதி வேற எமுலேட்டர்லயும் எடுத்ததுதான் உண்மையான சிக்கல். நெஸ் ஓட்டுற எமுலேட்டர்கள்ல மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் ரெண்டுமே வெளிய இருந்து பேலட் ஃபைல லோடு பண்ணும், அதனால ஒரே ஃபைல ரெண்டுலயும் போட்டுட்டா நம்பர் ஒத்துப்போகும். ஏற்கனவே எடுத்த படத்தையும் மாத்தலாம், கச்சா ஃபிரேமா இருந்தா ஒவ்வொரு கலரையும் பழைய பேலட்ல எத்தனாவது எடம்னு பாத்து புது பேலட்ல அதே எடத்துக் கலர போட்டுட்டா ஆச்சு. பேலட்ல ஒரே மாதிரி கருப்பு பல எடத்துல இருக்கும், அதுல எது எதுன்னு தெரியாது, ஆனா கருப்புக்குப் பதில் கருப்புதான வரப்போகுது.

பேலட் ஃபைல் சைஸ கவனிங்க. 192 பைட்னா 64 கலர் மட்டும். 1536 பைட்னா 512 கலர், அதாவது எம்ஃபசிஸ் பிட் மூணும் சேத்து எட்டு வகையும் உள்ள இருக்கு. எம்ஃபசிஸ்ங்கிறது படம் முழுக்க ஒரு சாயல் ஏத்த, மங்கலாக்க கேம் பயன்படுத்துறது. உங்க படத்துல ஒரு சீன் இருட்டாகணும், ஆனா பளிச்சுன்னு அப்டியே இருக்குன்னா எமுலேட்டர் எம்ஃபசிஸ விட்டுடுச்சுன்னு அர்த்தம். மாறா, இருட்டாக வேண்டிய எடத்துல வெளிச்சம் எகிறி அடிச்சா நீங்க 2சி03 பேலட்ல இருக்கீங்க. அது பிளே-சாய்ஸ் 10, விஎஸ் சிஸ்டம்னு நிண்டெண்டோ ஆர்கேட் மெஷின்ல இருந்த ஆர்ஜிபி பிபியூ, அதுல எம்ஃபசிஸ் பிட் போட்டா அந்த சேனல் முழு வெளிச்சத்துக்குப் போயிடும். ஆர்ஜிபின்னு பேர் இருக்குறதால இதுதான் அசல்னு நெனச்சு இத தேர்ந்தெடுக்குறவங்க இருக்காங்க, வீட்டு கன்சோல் சிப்பு அது இல்ல. சாயல் சிவப்புக்குப் பதிலா பச்சையா வருதுன்னா ரீஜியன் பாருங்க, பிஏஎல் (ஐரோப்பா பக்கத்து டிவி முறை) மெஷின்ல சிவப்பு பச்சை எம்ஃபசிஸ் பிட் எடம் மாறி இருக்கும்.

பிசி எஞ்சின்ங்கிற கன்சோலுக்கும் இதுல பாதி கதை உண்டு. உள்ள 9 பிட் ஆர்ஜிபி நம்பர் இருக்கு, ஆனா கம்போசிட்டா வெளிய வர்றப்போ சிப்பு தன்னோட டேபிள் வச்சு மாத்துது, அதனால நேர்க் கணக்குல வர்ற கலரும் டிவில வந்த கலரும் ஒண்ணு இல்ல. கோர் ஆப்ஷன்ல ஆர்ஜிபி, கம்போசிட்னு ரெண்டு பேலட் இருந்தா அது இதுக்குத்தான்.

■ மெகா டிரைவ் படத்துல இருட்டு ரொம்ப இருட்டா இருக்கு

செகாவோட கன்சோல் மெகா டிரைவ், சில ஊர்ல அதுக்கு பேரு ஜெனசிஸ். சேனலுக்கு 3 பிட், 8 படி, 512 கலர். நேர்க் கணக்குல பிரிச்சா 0, 36, 73, 109, 146, 182, 219, 255. ஆனா அசல் மெஷின்ல இருந்து வெளிய வர்ற வோல்டேஜ அளந்து பாத்தவங்க கணக்குல அந்த எட்டுப் படியும் சீரா இல்ல: 0, 52, 87, 116, 144, 172, 206, 255. கீழ்ப் படி ரெண்டும் நல்லா மேல இருக்கு பாருங்க, 36க்குப் பதிலா 52, 73க்குப் பதிலா 87. குகை, ராத்திரி சீன்ல எல்லாம் இந்த வித்தியாசம்தான் சுவர்ல இருக்குற செங்கல் தெரியுதா இல்லையான்னு தீர்மானிக்கும். உங்க படத்துல எந்த நம்பர் வரிசை வருதுன்னு பாத்தாலே உங்க எமுலேட்டர் எந்தக் கட்சின்னு தெரிஞ்சிடும். அதிகபட்சம் 224லயோ 238லயோ நின்னா அது ரெண்டும் இல்லாத பழைய சோம்பேறிக் கணக்கு, வெறும் 32ஆல இல்ல 34ஆல பெருக்குனது. எட்டே எட்டு படிதான, ஒவ்வொண்ணுக்கும் மாத்து நம்பர் போட்டு ஃபைல்லயே சரி பண்ணிடலாம், ஷேடோ ஹைலைட் மோடு (சில எடத்த மட்டும் இருட்டாவோ பளிச்சுன்னோ ஆக்குறது) ஓடுற சீன்ல மட்டும் நடுவுல கூடுதல் படி வரும், அங்க கவனம்.

செகாவோட அதுக்கு முந்துன கன்சோல் மாஸ்டர் சிஸ்டம்னா வேலை சுளுவு, 0, 85, 170, 255 நாலே நம்பர், இதுக்கு வெளிய ஏதாவது இருந்தா யாரோ நடுவுல கைய வச்சிருக்காங்க.

■ கேம் பாய் குடும்பம்: கலர் அடிக்குது, இல்ல எதிர்பாராத கலர் வருது

பழைய கேம் பாய் கேம் ஒண்ணு ஆரஞ்சு, பச்சை, நீலம்னு வருதா? எமுலேட்டர் அத கேம் பாய் கலர் மெஷினா ஓட்டுது. அந்த மெஷின் பழைய கார்ட்ரிட்ஜ் போட்டா கேமோட பேர வச்சு ஒரு கணக்கு போட்டு தனக்குத் தெரிஞ்ச கேம்னா அதுக்குன்னு வச்ச பேலட்ட குடுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது பட்டன் அமுக்கியும் 12 பேலட்ல ஒண்ண எடுக்கலாம். தப்பு இல்ல, ஆனா உங்களுக்கு வேண்டியது அது இல்லன்னா மாடல மாத்துங்க. ஸ்கிரீன்ஷாட்டுக்குன்னு எடுக்கும்போது நான் எப்பவும் சாம்பல் பேலட்தான் வைப்பேன், 0, 85, 170, 255. நாலே ஷேடு, பின்னாடி யாருக்கு எந்தப் பச்சை வேணுமோ சரியா ஏத்திக்கலாம்.

கேம் பாய் கலர், அட்வான்ஸ் ரெண்டுலயும் வர்ற புகார் "ரொம்ப கண்ணப் பறிக்குது"ங்கிறது. அந்த எல்சிடில பின்னாடி லைட்டே கெடையாது, வெளிச்சம் பட்டாத்தான் தெரியும், கலரும் ஒண்ணோட ஒண்ணு கலந்து வெளிறித்தான் தெரியும். 2001ல வந்த மொதல் அட்வான்ஸ் ஸ்கிரீன் அவ்வளவு இருட்டு, அதனால கேம் செஞ்சவங்க வேணும்னே கலர ஏத்தி அடிச்சாங்க. அந்த நம்பர அப்டியே இன்னைக்கு இருக்குற பேனல்ல போட்டா கண்ணு கூசத்தான் செய்யும். சேம்பாய், கேம்பாட்டே, எம்ஜிபிஏன்னு கேம் பாய் எமுலேட்டர் மூணுலயும் கலர் கரெக்ஷனுக்கு வழி இருக்கு. ஆனா எல்லா கேமுக்கும் ஒரே அளவு போடாதீங்க, உள்ளயே லைட் இருந்த அட்வான்ஸ் எஸ்பி மாடல் வந்தப்புறம் செஞ்ச கேம் சிலது அடங்குன கலர்லயே இருக்கும், அதுக்கு மேல கரெக்ஷன் ஏறுனா சேறு மாதிரி ஆயிடும். கேம்லயே பிரைட்னஸ் ஆப்ஷன் இருந்தா அது எதுல இருந்துச்சுன்னும் குறிச்சுக்கோங்க.

■ 25 கலர் இருக்க வேண்டிய படத்துல 4000 கலர்

இப்போ மேல ஜிம்ப்ல பாத்த கலர் எண்ணிக்கைக்கு வருவோம். நெஸ் ஒரு ஃபிரேம்ல சாதாரணமா அதிகபட்சம் 25 கலர். கேம் பாய் 4, கேம் பாய் கலர் 56, மாஸ்டர் சிஸ்டம் 32க்குள்ள, மெகா டிரைவ் அறுபத்து சொச்சம். ஃபிரேம் நடுவுல பேலட்ட மாத்துற வித்தை பண்ற கேம்ல, டிரான்ஸ்பரன்சி உள்ள சூப்பர் நெஸ் சீன்ல கூடும், ஆனா பெரும்பாலும் நூத்துக்கணக்குலதான் கூடும்.

ஷேடர் இல்லாமலே ஆயிரக்கணக்குல வந்தா பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு பைலீனியர் ஃபில்டர், இல்ல முழு மடங்கு இல்லாத ஸ்கேலிங். பக்கத்துப் பக்கத்து பிக்சல கலந்து இல்லாத கலர உருவாக்கும். படத்த பெருசாக்கி பாருங்க, ரெண்டு கலர் சேர்ற ஓரத்துல மட்டும் நடுக் கலர் வரிசையா இருக்கும், தட்டையான எடத்துல சுத்தமா இருக்கும். தீர்வு: கச்சா சைஸ்ல சேவ் பண்ணி, பெருசாக்கணும்னா நியரஸ்ட் நெய்பர்ல (பிக்சல கலக்காம பெருசாக்குற முறை) 2, 3, 4னு முழு மடங்கா பண்ணுங்க. ரெண்டாவது ஜேபெக். அதுல தட்டையான வானத்துலயே ஓரங்களச் சுத்தி அழுக்குப் புள்ளி தெரியும், சிவப்பு எழுத்து கரைஞ்சு வழியும், ஏன்னா ஜேபெக் பெரும்பாலும் கலர் தகவல பாதி ரெசல்யூஷன்லதான் வைக்கும். பிக்சல் ஆர்ட்டுக்கு இதவிட மோசமான ஃபார்மட் இல்ல. பிஎன்ஜி மட்டும்தான். மெசேஜ் ஆப்ல படமா அனுப்புனா அதுவே ஜேபெக்கா மாத்திடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பிளேஸ்டேஷன் படத்துல சீரான புள்ளிப் புள்ளியா இருந்தா பதறாதீங்க, அது 15 பிட் ஃபிரேம்பஃபருக்காக (படத்த வச்சிருக்குற மெமரி) மெஷினே போடுற 4க்கு 4 டிதரிங் (புள்ளி புள்ளியா கலந்து இல்லாத கலர இருக்குற மாதிரி காட்டுறது). டக்ஸ்டேஷன் மாதிரி எமுலேட்டர்ல ட்ரூ கலர் போட்டா போயிடும், ஆனா அது அசல் இல்ல. எனக்கு புள்ளியோட இருக்குறதுதான் பிடிக்கும்.

■ கோடு கோடா வருது, இல்ல நிழலே காணோம்

அருவி செங்குத்துக் கோடா தெரியுது. சோனிக் மொதல் கேம்ல கிரீன் ஹில் அருவி இப்டித்தான், கம்போசிட் கேபிள்ல பக்கத்து பிக்சல் ஒண்ணோட ஒண்ணு கரையும்னு தெரிஞ்சே கோடு விட்டு வரைஞ்சிருக்காங்க, டிவில அது கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. கச்சா ஸ்கிரீன்ஷாட்ல கோடு வர்றது சரி. கண்ணாடி மாதிரி வேணும்னா என்டிஎஸ்சி ஃபில்டர் (பழைய டிவி சிக்னல் மாதிரி கரைக்குறது) போட்டு ஜிபியூ ஸ்கிரீன்ஷாட் எடுங்க. சூப்பர் நெஸ்ல கிர்பீஸ் ட்ரீம் லேண்ட் 3 இதையே 512 அகல மோடு வச்சு பண்ணும், பிஎஸ்நெஸ் எமுலேட்டர்ல அதுக்கு பிளர் எமுலேஷன்னு ஆப்ஷன் இருக்கு.

நிழல் ஒரு படத்துல முழுக் கருப்பு, அடுத்ததுல இல்லவே இல்லன்னா, கேம் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் காட்டி கண்ண ஏமாத்துது. ரெட்ரோஆர்க்ல P கீ அமுக்கி நிறுத்தி, K கீ அமுக்கி ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி, அடுத்தடுத்த ரெண்டையும் எடுத்து 50 சதவீதமா கலக்குங்க. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு: கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தா கண்ணு சராசரி எடுக்குறது வெளிச்சத்த, ஃபைல் நம்பர இல்ல. நம்பர சராசரி எடுத்தா 128, வெளிச்சத்த சராசரி எடுத்தா 188. லீனியர் பிளெண்ட் வச்சு கலக்குனாத்தான் நிழல் உண்மையில தெரிஞ்ச அளவுக்கு வரும், இல்லன்னா ரொம்ப கனமா விழும்.

■ வீடியோல இருந்து வெட்டி எடுத்த படம்

கருப்பு 16, வெள்ளை 235னு நின்னா வீடியோ லிமிடெட் ரேஞ்ச்ல இருக்கு, யாரோ அத விரிக்காம விட்டுட்டாங்க. 16 கழிச்சு 255ஆல பெருக்கி 219ஆல வகுங்க, சரியாயிடும். இதுக்கு நேர் எதிரா இருட்டுல இருந்த விவரம் எல்லாம் 0ல போயி ஒட்டிக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, ரெக்கார்டிங் செட்டிங்க மாத்தி திரும்ப எடுக்கணும்.

சாம்பல் எல்லாம் கச்சிதமா இருக்கு, பச்சையும் சிவப்பும் மட்டும் நகந்திருக்கு. இது பிடி601, பிடி709 கலர் மேட்ரிக்ஸ் (வீடியோக்காக ஆர்ஜிபிய மாத்துற ரெண்டு கணக்கு) குழப்பம். ஒண்ணுல எழுதி இன்னொண்ணுல படிச்சா சாம்பல் தப்பிச்சிடும், கலர் மட்டும் மாறும். ஃபைல்ல எதுவும் குறிக்கலன்னா பிளேயர் பல நேரம் சைஸ வச்சுத்தான் யூகிக்கும், சின்ன வீடியோன்னா 601, எச்டின்னா 709. அதனால ஒரே கேம குட்டி சைஸ்லயும் பெருசாக்கியும் ரெக்கார்ட் பண்ணா பச்சை ரெண்டு விதமா வர வாய்ப்பு இருக்கு.

■ படம் வெளிறிப் போச்சு, இல்ல வியூவருக்கு வியூவர் மாறுது

விண்டோஸ்ல எச்டிஆர் (கூடுதல் வெளிச்சம் காட்டுற டிஸ்ப்ளே மோடு) ஆன்ல இருக்கும்போது சிஸ்டம் கீ வச்சு எடுத்த ஸ்கிரீன்ஷாட் வெளிறியோ வெளிச்சம் எகிறியோ வர்றது சகஜம். எச்டிஆர ஆஃப் பண்ணுங்க, இல்ல எமுலேட்டரோட சொந்த ஸ்கிரீன்ஷாட் கீய பயன்படுத்துங்க, ரெட்ரோஆர்க்ல எஃப்8. மேக்ல சிஸ்டம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தா உங்க டிஸ்ப்ளேயோட கலர் ப்ரொஃபைல் (நம்பர எந்தக் கலரா காட்டணும்ங்கிற குறிப்பு) ஃபைல்ல ஒட்டிக்கும், நம்பர் எல்லாம் அந்த டிஸ்ப்ளே கணக்குல மாறியிருக்கும், யாராவது ப்ரொஃபைல கழட்டிட்டா கலர் கோணலாயிடும். அங்கயும் எமுலேட்டர் கீதான் நல்லது.

ரெண்டு வியூவர்ல ரெண்டு விதமா தெரிஞ்சா ஃபைல்ல நம்பர பாருங்க. நம்பர் ஒண்ணேன்னா ஃபைல விட்டுடுங்க, ஸ்கிரீனோட விவிட் மோடு, வைட் காமட் (வழக்கத்தவிட கூடுதல் கலர் காட்டுற) பேனல் அந்தப் பக்கம் தேடணும்.

சிவப்பும் நீலமும் எடம் மாறி முகம் நீலமா வந்தா சேனல் வரிசை திரும்பிடுச்சு, ஜிம்ப்ல சேனல் மிக்சர்ல ரெண்டையும் மாத்திடலாம், எந்த இழப்பும் இல்ல. படம் பாதி கண்ணாடியா, பின்னாடி கட்டம் கட்டமா தெரிஞ்சா ஆல்ஃபா சேனல் (எவ்வளவு ஊடுருவித் தெரியணும்ங்கிற நம்பர்) தப்பா சேவ் ஆயிருக்கு. வெள்ளை லேயர் மேல வச்சு மெர்ஜ் பண்ணாதீங்க, கலர் வெளிறிடும். ஆல்ஃபாவ மட்டும் எல்லா எடத்துலயும் 255 ஆக்குங்க, அடியில இருந்த கலர் அப்டியே வெளிய வரும்.

■ மேல சொன்னது எதுவுமே ஒத்துவரல

240பி டெஸ்ட் சூட்னு ஒரு இலவச ரோம் (கேம் மாதிரியே எமுலேட்டர்ல ஓட்டுற ஃபைல்) இருக்கு, நெறைய கன்சோலுக்கு தனித்தனியா கெடைக்கும். அத உங்க எமுலேட்டர்ல ஓட்டி கலர் பார், கிரே ரேம்ப் (கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் சாம்பல் படி) ரெண்டு ஸ்கிரீனையும் இப்போ இருக்குற செட்டிங்லயே எடுங்க, அப்புறம் ஷேடர், கோர் கரெக்ஷன், காமா ஸ்லைடர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு அதையே திரும்ப எடுங்க. ரெண்டு படத்தோட நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ரேம்ப்ல சாம்பல் படிக்கட்டு வளைஞ்சிருந்தா காமா, மேலயோ கீழயோ வெட்டுப்பட்டிருந்தா ரேஞ்ச், சாம்பல்ல ஒரு சாயல் இருந்தா பிக்சல் ஃபார்மட், சாம்பல் சுத்தமா இருந்து பார் மட்டும் மாறுனா கலர் கரெக்ஷன் இல்ல மேட்ரிக்ஸ். ஆஃப் பண்ணப்புறமும் ரெண்டு படமும் அச்சு அசலா ஒண்ணா இருந்து நம்பரும் தப்பா இருந்தா அது கோர்ல இருக்குற கோளாறு, அந்த ரெண்டு பிஎன்ஜியையும் கோர் வெர்ஷனோட சேத்து அதோட டெவலப்பர் கிட்ட குடுங்க, கூடவே எந்த எடத்துல எந்த நம்பர் வரணும், எது வந்துச்சுன்னு எழுதிடுங்க.